கருத்துக்கணிப்பில் "தெரியாது" என்னும் நிரல்
பெயர் அறிமுகமும் கறுப்பின வாக்காளரும்: ரொறன்ரோத் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ரொறன்ரோ மாநகரத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இடம்பெறுவதில்லை. சின்னமும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீட்டுச் சின்னத்தையும் சூரியனையும் பார்த்து வாக்களித்துப் பழகிய மூத்தோருக்கு இது முதலில் வியப்பளித்த செய்தியாகும். குடும்பப் பெயரின் அகரவரிசையில் வேட்பாளர்களின் பெயர்கள் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். 2023 ஜூன் 26 அன்று நடைபெற்ற நகரபிதா இடைத்தேர்தலில் அவ்வாறு 102 பெயர்கள் இருந்தன. அத்தனை பெயர்களுள் வாக்காளர் ஒருவர் எத்தனை பெயர்களை முன்னரே கேள்விப்பட்டிருப்பார்? ஐந்து அல்லது ஆறு. மிகுந்த அரசியல் ஆர்வம் உடையவராயின் பத்து. எஞ்சியவை அவரைப் பொறுத்தவரை வெறும் எழுத்துக்களே.

இவ்வாறு ஒரு பெயர் முன்னரே தெரிந்திருத்தலைப் பெயர் அறிமுகம் என்று கூறலாம். தேர்தல் காலக் கருத்துக்கணிப்புகளில் வெளிவரும் எண்களுள் பெரும் பகுதியை ஆக்குவது இப்பெயர் அறிமுகமே. ஆயினும் அந்த எண்கள் செய்தித்தாள்களில் அச்சாகும்போது, மக்கள் ஒருவரை விரும்புகின்றனர், இன்னொருவரை வெறுக்கின்றனர் என்னும் பொருளையே பெற்றுவிடுகின்றன. சிறுபான்மைச் சமூகங்களைப் பற்றிய எண்களில் இத்தவறு மேலும் பெருகுகின்றது. கறுப்பின வாக்காளரைப் பற்றி வடஅமெரிக்காவில் இவ்வாறு எழுதப்பட்டவை ஏராளம். தமிழரைப் பற்றியும் நாளை எழுதப்படலாம் என்பதனாலேயே அவர்களின் அனுபவம் இங்கு ஆராயப்படுகின்றது.

முதலில் கணக்கு. கருத்துக்கணிப்பில் ஒரு வேட்பாளரைப் பற்றி "இவர்பால் உங்களுக்கு நன்மதிப்பு உண்டா, இல்லையா?" என்று வினவுவர். விடைகள் மூன்று வகைப்படும். உண்டு, இல்லை, அவரைத் தெரியாது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்க. இவை விளக்கத்துக்காகப் புனையப்பட்ட எண்களேயாகும். நூறு பேரிடம் கேட்கப்பட்டதில் முதலாவது வேட்பாளரை 90 பேர் அறிந்திருந்தனர். அவர்களுள் 50 பேர் நன்மதிப்பு உண்டு என்றனர், 40 பேர் இல்லை என்றனர். இரண்டாவது வேட்பாளரை 30 பேர் மட்டுமே அறிந்திருந்தனர். அவர்களுள் 24 பேர் உண்டு என்றனர், 6 பேர் இல்லை என்றனர். மறுநாள் செய்தித் தலைப்பு எவ்வாறு அமையும்? முதலாமவருக்கு 50 வீத ஆதரவு, இரண்டாமவருக்கு 24 வீதம். ஆனால் அறிந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் முதலாமவரை விரும்புவோர் 56 வீதத்துக்குச் சற்றுக் குறைவானோர், இரண்டாமவரை விரும்புவோரோ 80 வீதத்தினர். இரு கணக்குகளும் ஒரே தாளிலிருந்து பெறப்பட்டவை. மூன்றாவது நிரலைப் படித்தவர் இரண்டையும் காண்பார். தலைப்பை மட்டும் படித்தவர் ஒன்றையே காண்பார்.

இதற்கு இன்னுமொரு வழியும் உண்டு. தீர்மானிக்காதவர்களை நீக்கிவிட்டு, தீர்மானித்தோருக்குள் வீதம் கணித்து வெளியிடுவது கனடியக் கருத்துக்கணிப்பு நிறுவனங்களின் வழக்கம். ஆயிரம் பேருள் 250 பேர் இன்னும் தீர்மானிக்கவில்லை எனவும் ஒருவருக்கு 225 பேர் ஆதரவு தந்தனர் எனவும் கொண்டால், உண்மையில் அவருக்குள்ள ஆதரவு 22.5 வீதம். தீர்மானிக்காதோரை நீக்கியதும் அது 30 வீதமாகிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அடிக்குறிப்பில் எழுதியே வைத்திருப்பர். அடிக்குறிப்பைப் படிப்போர்தாம் மிகக் குறைவு.

ரொறன்ரோவின் அண்மைக்கால வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். 2014 இன் தொடக்கத்தில் ஒலிவியா சௌ அவர்கள் நகரபிதா பதவிக்கு முன்னணி வேட்பாளராகக் கணிப்புகளில் காட்டப்பட்டார். பாடசாலைச் சபையிலும் மாநகரசபையிலும் பின்னர் நாடாளுமன்றத்திலும் இருந்தவர், காலஞ்சென்ற ஜாக் லெய்ரன் அவர்களின் துணைவியார் என்ற வகையில் அவர் பெயரை நகரில் அறியாதார் இலர். ஒக்ரோபரில் வாக்குகள் எண்ணப்பட்டபோது 23 வீதத்துடன் மூன்றாம் இடத்துக்கு வந்தார். ஜோன் ரோரி 40 வீதமும் டக் ஃபோர்ட் ஏறத்தாழ 34 வீதமும் பெற்றனர். வசந்த காலக் கணிப்பு அளந்தது பெரும்பாலும் அவரது பெயரின் பரப்பை. ஒக்ரோபர் அளந்தது வேறொன்றை. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 2023 இல், அதே பெயர் அவருக்கு மீண்டும் முன்னணியைக் கொடுத்தது. இம்முறை 37 வீதத்துடன் அவர் வென்றார். எனினும் அவருக்கு அடுத்து வந்த அனா பைலாவ் அவர்கள் 32 வீதத்தை எட்டினார். கடைசிக் கணிப்புகள் காட்டிய இடைவெளி வாக்கெண்ணிக்கையில் பெரிதும் சுருங்கிவிட்டது. தேர்தலுக்கு ஐந்து நாட்களுக்கு முன்னர் முன்னாள் நகரபிதா ஜோன் ரோரி அவருக்கு ஆதரவு அறிவித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது. நன்கு அறியப்பட்ட ஒரு பெயர் குறைவாக அறியப்பட்ட பெயருக்கு இரவல் தரப்பட்டது என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

பெயரின் வலிமையைக் காண விரும்புவோர் ஃபோர்ட் குடும்பத்தையும் நோக்கலாம். 2014 செப்ரெம்பரில், வேட்புமனுக் காலம் முடிவடையும் நாளில், நோயுற்ற றொப் ஃபோர்ட் நகரபிதாப் போட்டியிலிருந்து விலகினார். அதே நாளில் தமையனார் டக் ஃபோர்ட் அவ்விடத்தில் நின்று, ஆறு வாரங்களில் மூன்றிலொரு பங்கு வாக்குகளைப் பெற்றார். அவர்களின் மருமகனான இளைஞர் ஒருவர் அவ்வாண்டிலேயே தம் குடும்பப் பெயரைச் சட்டப்படி ஃபோர்ட் என மாற்றிக்கொண்டார். அவரே மைக்கேல் ஃபோர்ட். அவர் முதலில் பாடசாலைச் சபைக்கும், 2016 இல் மாமனாரின் மறைவால் வெற்றிடமான வட்டாரத்தின் இடைத்தேர்தலில் மாநகரசபைக்கும் தெரிவானார். ஒரு குடும்பப் பெயர் எத்தனை ஆயிரம் வாக்குகளுக்குச் சமன் என்பதை அக்குடும்பத்தார் எவரினும் நன்கு அறிந்திருந்தனர் போலும்!

ஃபோர்ட் சகோதரர்களின் பலம் எற்றோபிக்கோவின் வடபகுதியிலும் ஸ்காபரோவின் பல வட்டாரங்களிலும் இருந்தது. கறுப்பின மக்களும் பிற குடிவரவாளரும் செறிந்து வாழும் பகுதிகள் அவை. கறுப்பின மக்களைப் பற்றி றொப் ஃபோர்ட் இழிவாகப் பேசியதாக வெளிவந்த செய்திகளை அறிந்த பலர், அப்பகுதிகளில் அவருக்கு ஆதரவு நீடித்ததைக் கண்டு குழம்பினர். மக்கள் அறியாமையில் வாக்களிக்கின்றனர் என்று கூறியோரும் உளர். அது பொருந்தாத கூற்று. அங்கு அவர் தொலைபேசி அழைப்புக்குத் தாமே மறுமொழி கூறியவர், பழுதான வெப்பமூட்டியைப் பார்க்க வீடு தேடி வந்தவர் என அறியப்பட்டவர். வேறு எந்த அரசியல்வாதியின் பெயரும் அந்த அடுக்குமாடிக் கதவுகளைத் தட்டியிருக்கவில்லை. அறிமுகம் அற்ற நல்லவரும் அறிமுகமான குறையுடையவரும் போட்டியிட்டால், குறையுடையவருக்கே முதலில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கண்டு கதவைத் தட்டாதவர்கள் கோபிப்பதில் நியாயம் சிறிதே.

இனி 2023 இடைத்தேர்தலின் கறுப்பின வேட்பாளர்களை நோக்குக. முதலாமவர் மார்க் சோண்டர்ஸ். 2015 முதல் 2020 வரை ரொறன்ரோக் காவற்றுறையின் தலைவராக இருந்தவர், அப்பதவியை வகித்த முதலாவது கறுப்பினத்தவர். தொலைக்காட்சியில் ஐந்தாண்டுகள் அவரது முகம் வந்துகொண்டிருந்தது. ஆகவே பிரசாரம் தொடங்கியதும் கணிப்புகள் பலவற்றில் முன்வரிசையில் இருந்தார். ஆயினும் அவரது அறிமுகம் இருமுனைக் கத்தி. காரணமின்றித் தெருவில் மறித்து விவரம் பதியும் காவற்றுறை நடைமுறையால் கறுப்பின இளைஞர் அளவுக்கு மீறிப் பாதிக்கப்பட்டனர். மாகாண அரசு 2017 சனவரியில் அதற்குக் கட்டுப்பாடு கொணரும் வரை அது பெரும் சர்ச்சையாக இருந்தது. தமிழருக்கும் அவரது பெயர் வேறொரு காரணத்தால் நினைவில் உண்டு. 2017 டிசம்பரில், ஓரினச்சேர்க்கையாளர் வாழும் பகுதியில் ஆடவர் பலர் காணாமற்போனமை தொடர்பில், தொடர் கொலையாளி ஒருவர் இருப்பதற்குச் சான்றில்லை என அவர் கூறினார். மறுமாதமே புரூஸ் மக்ஆர்தர் கைது செய்யப்பட்டார். கொல்லப்பட்ட எண்மருள் இருவர் ஈழத்தமிழர். இவ்வாறு ஒரு பெயரை எல்லோரும் அறிந்திருப்பது வேறு, அறிந்தோர் அதனை நம்புவது வேறு. வாக்கெண்ணிக்கையில் சோண்டர்ஸ் 9 வீதத்துக்கும் குறைவாகப் பெற்றார்.

இரண்டாமவர் மிற்சி ஹன்ரர். ஜமேக்காவில் பிறந்தவர், 2013 முதல் ஸ்காபரோ-கில்ட்வூட் தொகுதியின் மாகாணசபை உறுப்பினர், மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். நகரபிதாப் போட்டிக்காகத் தம் ஆசனத்தையே துறந்தார். தொகுதியில் நன்கு அறியப்பட்ட அவரது பெயர் நெடுஞ்சாலைக்கு அப்பால் அவ்வளவாகச் செல்லவில்லை. 3 வீதத்தை எட்டவில்லை. மூன்றாமவர் குளோயி பிரவுண். எப்பதவியும் வகிக்காத இளம் கொள்கை ஆய்வாளர். 2022 நகரபிதாத் தேர்தலில் பெரும் பணமோ பெரும் பெயரோ இன்றி 6 வீதத்துக்கு மேல் பெற்று மூன்றாம் இடத்தைப் பிடித்து நகரை வியக்கச் செய்தவர். எட்டு மாதங்களின் பின் நடந்த இடைத்தேர்தலில், அறியப்பட்ட பெயர்கள் பல களமிறங்கியதும் அவரது பங்கு பாதிக்கும் கீழே சென்றது.

இங்குதான் கருத்துக்கணிப்பு வெறும் அளவுகோலாக நில்லாமல் தானே ஒரு கையாக மாறுகின்றது. 102 பேரை மேடையில் அமர்த்தி விவாதம் நடத்துதல் இயலாது. ஆகையால் கணிப்புகளில் முன்னிற்கும் ஆறேழு பேரையே பெரிய விவாதங்களுக்கு அழைத்தனர். விவாதத்தில் தோன்றுவோரின் பெயர் செய்தியில் வரும். செய்தியில் வரும் பெயரையே அடுத்த கணிப்பில் மக்கள் நினைவுகூர்வர். முதற்கணிப்பில் பெயர் அறிமுகம் இல்லாதவருக்கு அறிமுகம் பெறும் வழியே அடைபட்டுவிடுகின்றது. சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து முதற்றடவை போட்டியிடுவோரே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர். முன்னைய நகரபிதாக்களோ அமைச்சர்களோ அவர்களின் குடும்பங்களில் இருப்பது அரிது.

கறுப்பின மக்கள் கறுப்பினத்தவருக்கே வாக்களிப்பர் என்ற எண்ணம் தமிழர் பலரிடமும் உண்டு. அமெரிக்காவில் நிகழ்ந்தவை அவ்வெண்ணத்துக்கு மாறானவை. 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோஷிங்ரன் போஸ்ற் நாளிதழும் ஏபிசி தொலைக்காட்சியும் வெளியிட்ட கணிப்பில், ஜனநாயகக் கட்சியின் கறுப்பின ஆதரவாளருள் 60 வீதத்தினர் ஹிலாரி கிளின்ரனையும் 20 வீதத்தினர் மட்டுமே பராக் ஒபாமாவையும் ஆதரித்தனர். ஒபாமா "போதிய அளவு கறுப்பர்" அல்லர் என்று கறுப்பின மக்கள் கருதுகின்றனரோ எனப் பத்திரிகைகள் ஆராயத் தொடங்கின. இரண்டு மாதங்களுக்குள், பெப்ரவரி இறுதியில், அதே கணிப்பில் ஒபாமா 44, கிளின்ரன் 33 என நிலை தலைகீழாயிற்று. அந்த இரு மாதங்களில் ஒபாமாவின் நிறமோ குலமோ மாறவில்லை. அவர் போட்டியிடப்போவதாக அறிவித்தார், மக்கள் அவரை அறியத் தொடங்கினர். அவ்வளவே.

அத்துடன் கதை முடியவில்லை. அறிமுகம் கூடிய பின்பும், அவ்வாண்டின் பிற்பகுதியில் கிளின்ரனே கறுப்பின மக்களிடையே முன்னிற்பதாகக் காட்டிய கணிப்புகள் வந்தன. வெள்ளையின மக்கள் இவருக்கு வாக்களிப்பரா என்னும் ஐயம் அவர்களிடம் எஞ்சியிருந்தது. 2008 சனவரி 3 அன்று, வெள்ளையினத்தவர் மிகப்பெரும்பான்மையாக வாழும் அயோவா மாநிலத்தில் ஒபாமா வென்றார். அதே மாதம் 26 ஆம் நாள் தென் கரோலினாவில் கறுப்பின வாக்குகளில் 78 வீதம் அவருக்குச் சென்றது. ஆகவே அவ்வாக்காளர் மூன்று வினாக்களை வெவ்வேறாகக் கேட்டுள்ளனர். இவரைத் தெரியுமா? இவரை நம்பலாமா? இவரால் வெல்ல முடியுமா? கணிப்பின் ஒற்றை எண் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றது.

2019 இலும் இதே நிகழ்ந்தது. கமலா ஹாரிஸ், கோரி புக்கர் என இரு கறுப்பின செனற்றர்கள் களத்திலிருக்க, கறுப்பின வாக்காளரிடையே முன்னின்றவர் ஜோ பைடன். எட்டாண்டுகள் ஒபாமாவின் அருகில் நின்ற முகம் அது. ஹாரிஸ் 2019 டிசம்பரிலும் புக்கர் 2020 சனவரியிலும், ஒரு வாக்கேனும் பதியப்படும் முன்னரே, விலகினர். 2020 பெப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் வாக்களித்து வந்தோரிடம் எடுத்த கணிப்பின்படி கறுப்பின வாக்காளருள் 61 வீதத்தினர் பைடனை ஆதரித்தனர். அதற்கு மூன்று நாள் முன்னர் ஜேம்ஸ் கிளைபேர்ன் என்னும் அம்மாநிலத்தின் மூத்த கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் பைடனுக்கு ஆதரவு தெரிவித்திருந்தார். இதனை வெறும் பெயர் அறிமுகம் என்று தள்ளுவதும் தவறாகும். நெடுநாள் அறிந்தவரை நம்புதல், அடிக்கடி ஏமாற்றப்பட்ட சமூகமொன்றின் தற்காப்பு.

மறுபுறம், பீற் பூட்டிஜெஜ் என்னும் இளம் நகரபிதாவுக்கு 2019 நவம்பரில் தென் கரோலினாவில் எடுத்த கணிப்பொன்றில் கறுப்பின வாக்காளரிடையே 1 வீத ஆதரவுகூட இருக்கவில்லை. அவர் ஓரினச்சேர்க்கையாளர் என்பதனால் கறுப்பினத்தவர் ஒதுக்குகின்றனர் என்று விளக்கம் கூறப்பட்டது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய விளக்கம் அது. ஆனால் அவரைப் பற்றிக் கருத்துக் கூறுமளவுக்குத் தெரியாது என்றவர்களே கணிப்புகளில் மிகுதியாக இருந்தனர். தெரிந்த பின்னர் அவரை விரும்பினார்களா? அதுவும் இல்லை. வாக்களிப்பு நாளிலும் சில வீதங்களே பெற்றார். அவர் ஆட்சி புரிந்த சவுத் பெண்ட் நகரில் அவ்வாண்டு ஜூனில் கறுப்பினத்தவர் ஒருவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதனை அவர் கையாண்ட விதமும் மக்கள் அறிந்த செய்திகளாயின. "தெரியாது" என்ற நிரல் திறக்கும்போது அதிலிருந்து நன்மதிப்பும் வரலாம், மறுப்பும் வரலாம். திறக்கும் முன்னரே அதற்குத் தீர்ப்பு எழுதுவதுதான் பிழை.

ரொறன்ரோவுக்கு மீள்க. 2021 குடிசன மதிப்பின்படி ரொறன்ரோவில் கறுப்பின மக்கள் 9.6 வீதத்தினர். ஆயிரம் பேரிடம் எடுக்கப்படும் கணிப்பு நகரை அப்படியே பிரதிபலித்தால் அதில் 96 கறுப்பினத்தவர் இருப்பர். 96 பேரைக் கொண்ட குழுவின் எண் 10 வீதம் கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பது புள்ளியியல் விதி. 30 வீதம் எனச் சொல்லப்படுவது 20 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அந்த 96 பேருக்குள்ளும் ஜமேக்கர், திரினிடாட்டினர், சோமாலியர், எதியோப்பியர், எரித்திரியர், நைஜீரியர், கானாவினர், தலைமுறை தலைமுறையாகக் கனடாவில் வாழ்வோர் எனப் பல்வேறு மக்கள் அடங்குவர். மொழியும் மதமும் வந்த காலமும் வேறுபட்ட இவர்களை ஒரு எண்ணுக்குள் அடைத்து, "கறுப்பின வாக்காளர் இவ்வாறு கருதுகின்றனர்" என எழுதுவது எளிது.

தமிழரின் நிலை இதனினும் மறைவானது. குடிசன மதிப்பிலும் கணிப்புகளிலும் அவர்கள் தெற்காசியர் என்னும் பெருந்தொகுதிக்குள் கரைந்துவிடுகின்றனர். ரொறன்ரோவில் தெற்காசியர் 14 வீதம். ஆயிரத்தில் 140 பேர். பஞ்சாபியரும் குஜராத்தியரும் வங்காளியரும் பாகிஸ்தானியரும் தமிழரும் அந்த 140 பேருக்குள். அவர்களுள் எத்தனை தமிழர் என்பதை எந்தக் கணிப்பும் தனியே கூறாது. கறுப்பின மக்களைப் பற்றிப் பிழையாகவேனும் எழுதுகின்றனர். தமிழரைப் பற்றி எழுதவே எண் இல்லை.

இதற்குத் தமிழ் இல்லங்களின் பங்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. மாலையில் அறியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி ஒலிக்கின்றது. எடுத்தால் ஆங்கிலத்தில் ஒரு பதிவுக் குரல்: இன்னாருக்கு எண் ஒன்றை அழுத்துக, இன்னாருக்கு எண் இரண்டை. ஏதோ கம்பளம் கழுவும் விற்பனை என்று அம்மா வைத்துவிடுவார். வைத்ததில் பிழையில்லை. அத்தகைய அழைப்புகளால் பணம் இழந்தோரும் சமூகத்தில் உளர். ஆயினும் ஆயிரம் வீடுகளில் இவ்வாறு வைக்கப்படும்போது அந்த ஆயிரம் வீடுகளின் கருத்தும் கணிப்பில் இல்லாதொழிகின்றது. உண்மையான கருத்துக்கணிப்பு நிறுவனம் தன் பெயரைக் கூறும், பணம் கேட்காது, வங்கி விவரம் கேட்காது, சமூகக் காப்புறுதி இலக்கம் கேட்காது. வீட்டிலுள்ள இளையோர் அருகில் அமர்ந்து, "அம்மா, இது கணிப்பு, அழுத்துங்கோ" என்று சொல்ல இரண்டு நிமிடங்கள் போதும். தெரியாத பெயருக்குத் தெரியாது என்றே அழுத்தலாம். கேட்ட பெயர் என்பதற்காக மட்டும் ஆதரவு என்று அழுத்தும் பழக்கமே கணிப்பைக் கெடுக்கின்றது.

தமிழ்ப் பெயர்களின் வரலாறும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம்தான். 2006 இல் மார்க்கத்தில் லோகன் கணபதி மாநகரசபைக்குத் தெரிவானபோதும், 2011 மே 2 அன்று ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானபோதும், தமிழ் வாக்காளருக்கு வாக்குச்சீட்டில் வாசிக்கக்கூடிய பெயரொன்று இருந்ததே பெரும் உந்துதலாக அமைந்தது. அதில் தவறு காண வேண்டியதில்லை, ஒவ்வொரு சமூகமும் அவ்வாறே தொடங்கியது. ஆனால் 2016 செப்ரெம்பரில் ஸ்காபரோ-ரூஜ் ரிவர் மாகாண இடைத்தேர்தலில் இரு பெரும் கட்சிகள் தமிழரை நிறுத்தின. இருபதாண்டுகளுக்கும் மேலாக அவ்வட்டாரத்தின் மாநகரசபை உறுப்பினராக விளங்கிய ரேமண்ட் சோ மூன்றாவது கட்சியில் நின்று வென்றார். தமிழ்ப் பெயர் என்பது மட்டும் போதவில்லை. இருபதாண்டு அறிமுகம் அதனை விஞ்சியது.

அறிமுகத்தின் விலை 2018 இல் திடீரென உயர்ந்தது. வேட்புமனுக்கள் தாக்கலாகி முடியும் தறுவாயில், மாகாண அரசு ரொறன்ரோவின் வட்டாரங்களை 47 இலிருந்து 25 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. வட்டாரம் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ இரட்டித்தது. ஏற்கெனவே பதவியில் இருந்தோரே பெரிய வட்டாரங்களில் அறியப்பட்டோராக இருந்தனர். பல மாதங்களாகச் சிறிய வட்டாரத்தில் கதவு தட்டி வந்த புதியவர்களின் உழைப்பு ஓர் அறிவிப்பால் நீர்த்துப்போயிற்று. அத்தேர்தலின் பின்னர் 25 உறுப்பினருள் கறுப்பினத்தவர் ஸ்காபரோவின் மைக்கேல் தொம்சன் ஒருவரே. மேற்கே எற்றோபிக்கோ-லேக்ஷோரில் அம்பர் மோர்லி என்னும் கறுப்பின இளம்பெண், 2003 முதல் உறுப்பினராயிருந்த மார்க் கிரைம்ஸிடம் தோற்றார். கிழக்கே ஸ்காபரோ-ரூஜ் பார்க்கில் நீதன் சாண், ஜெனிபர் மக்கெல்வியிடம் 154 வாக்குகளால் தோற்றார்.

154 வாக்குகள் என்பது மல்வேர்ணிலோ மோர்னிங்சைட்டிலோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவுகளை விடக் குறைவு. அங்கே ஒரே மாடியில் தமிழ்க் குடும்பமும் ஜமேக்கக் குடும்பமும் எதிரெதிர்க் கதவுகளில் வாழ்கின்றன. பிள்ளைகள் ஒரே பாடசாலைக்குச் செல்கின்றனர். ஒருவர் சமூகத்தின் வேட்பாளர் மற்றவருக்கு வெறும் எழுத்துக்களாகவே இருந்துவருகின்றார். தமிழ் வானொலியில் நூறு தடவை ஒலிக்கும் பெயர் எதிர்க் கதவுக்குக் கேட்பதில்லை. கரிபியப் பத்திரிகையில் முதற்பக்கத்தில் வரும் பெயர் தமிழ்க் கடையின் வாசலில் கிடைப்பதில்லை. இரு சமூகங்களும் கணிப்புகளில் ஒருவர் மற்றவரின் "தெரியாது" நிரலில் அமர்ந்திருக்கின்றன. எத்தனை இலட்சம் டொலர் விளம்பரத்தாலும் எளிதில் மாறாத இந்நிலையை, இரு மொழியும் பேசி இரு வீட்டாரோடும் பழகும் பதினேழு வயதுப் பிள்ளை மாற்றக்கூடும்.

தோற்றோர் இருவரும் அறிமுகத்தைக் கைவிடவில்லை. அம்பர் மோர்லி நான்கு ஆண்டுகள் அவ்வட்டாரத்திலேயே உழைத்து, 2022 இல் அதே கிரைம்ஸை வென்றார். நீதன் சாண் பின்னர் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபைக்குத் தெரிவாகி அதன் தலைவராகவும் இருந்தார். மக்கெல்வி நாடாளுமன்றம் சென்றதனால் 2025 செப்ரெம்பர் 29 அன்று நடந்த இடைத்தேர்தலில் அதே ஸ்காபரோ-ரூஜ் பார்க் வட்டாரத்தில் வென்றார். அதற்கு முன்னரே 2023 நவம்பர் இடைத்தேர்தலில், பாடசாலைச் சபையில் பல ஆண்டுகள் இருந்த பார்த்தி கந்தவேள் ஸ்காபரோ தென்மேற்கில் மாநகரசபைக்குத் தெரிவாகியிருந்தார். ரொறன்ரோ மாநகரசபையின் முதலாவது கறுப்பின உறுப்பினரான வில்லியம் ஹபார்ட் அவர்களும் முதற் போட்டியில் தோற்று, 1894 இலேயே தெரிவானார். பின்னர் ஆண்டுதோறும் வாக்காளர் அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினர்.

ஒன்ராறியோ மாநகரத் தேர்தல் நாள் 2026 ஒக்ரோபர் 26. மாநகரசபைக்குப் போட்டியிட 25 வாக்காளரின் ஒப்பமும் 100 டொலர் கட்டணமும் தேவை. நகரபிதாவுக்கு 200 டொலர். வாக்களிக்கக் கனடியக் குடியுரிமையும் 18 வயதும் வேண்டும். எதிர்வரும் கணிப்புகளை வீட்டில் வாசிக்கும்போது மூன்று இடங்களில் விரலை வைத்துப் பாருங்கள்: எத்தனை பேரிடம் கேட்டனர், எம்மொழியில் கேட்டனர், தெரியாது என்றோர் எத்தனை வீதம். பிள்ளைகளுக்குப் புள்ளியியல் பாடம் பாடசாலையில் உண்டு. அவர்களையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.